சாக்கு திரும்பினால்தான் அடுத்த மூட்டை

"பாப்பா, பயிரு தண்ணிக்குள்ள எத்தன நாளு மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கும்?"

2021 தீபாவளி முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். அப்பா வரப்பில் நின்றபடி கேட்டார். வரப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, காலால் தடவித் தடவித்தான் நின்றுகொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அந்த வாரம் திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கச் சம்பா மூழ்கிக் கிடந்தது. வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டதால் எங்கள் பக்கம் தண்ணீர் வந்த வேகத்தில் போகவில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினேழு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். 'காற்றில்லாச் சுவாசத்தை விவரி' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எத்தனை விடைத்தாள் திருத்தியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் அன்றைக்கு அப்பா கேட்டதற்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை. "ஒரு வாரம் தாங்கும்ப்பா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அந்தப் பதில் என்னை வெகுநாள் அரித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மொத்தம் ஒன்பது மா, ஏறக்குறைய மூன்று ஏக்கர். பள்ளத்தில் இருக்கும் ஐந்து மாவில் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் போட்டிருந்தார். மேட்டில் இருக்கும் நாலு மாவில் பி.பி.டி. ரகம். இரண்டும் நேரடி விதைப்பு, நாற்பத்தைந்து நாள் பயிர், தூர் கட்டுகிற பருவம். பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர், மேட்டில் தொடைக்கு மேல். இரண்டு பக்கமும் பயிர் முழுசாக உள்ளே.

நாலாம் நாள் மேட்டு வயலில் அங்கங்கே இலை நுனி வெளியே தெரிந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மேட்டு நெல்லு தலையத் தூக்கிடுச்சு பாரு. பள்ளத்துல போட்டது உக்காந்தே போச்சு." பள்ளத்துப் பயிர் போட்ட இடத்திலேயே குறுகிக் கிடந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தால் மூழ்கிய அன்றிருந்த உயரம்தான். அடுத்த நாள் மறுபடி பிடித்த மழையில் மேட்டு நெல்லின் நுனியும் மூழ்கியது.

ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தது. மேட்டு நெல் நீண்டு, வெளுத்து, சேற்றில் கோரைப்பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. ஆனாலும் பச்சை இருந்தது. பள்ளத்து நெல் குட்டையாக, அழுக்கு அப்பி, பார்க்கவே பாவமாக இருந்தது. அப்பா மேட்டைத்தான் நம்பினார். அதற்கப்புறம் வெயில் வந்தது. மூன்றே நாளில் மேட்டு நெல் பழுப்பேறிவிட்டது. அப்பா குனிந்து ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தார், எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. அடித்தூரை நசுக்கினால் கொழகொழவென்று, ஒரு வாடை. பள்ளத்துக்குப் போய் அதேபோல் இழுத்தார். வரவில்லை. அடித்தூர் கல்லு மாதிரி இருந்தது. பத்து நாளில் புது இலை விட்டது.

"தண்ணிக்குள்ள பச்சையா இருந்தது வெளியில வந்து செத்துச்சு. உக்காந்திருந்தது பொழச்சிருச்சு. இது என்ன கணக்கு?"

அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு மாசி மாதம் வரை ஆனது. அதுவும் வயலில் இல்லை, கொள்முதல் நிலையத்துக் களத்தில்.

அறுவடை முடிந்து நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நான்கு நாளாகக் காத்திருந்தோம். சாக்கு இல்லை. பிடித்த மூட்டைகள் அட்டி அட்டியாக அடுக்கியிருந்தன. லாரி வந்து ஏற்றினால்தான் இடம் காலியாகும், சாக்குக் கட்டும் வந்தால்தான் எங்கள் குவியலுக்கு முறை வரும். எடை போடும் இயந்திரம், ஆள், கரண்ட் எல்லாம் இருந்தன, நெல்லும் இருந்தது. சாக்கு இல்லாததால் எல்லாமே நின்றுபோயிருந்தன. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தார்ப்பாய் மூடிய குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே பளிச்சென்று பட்டது. செல்லுக்குள் நடப்பதும் இதேதான்.

அப்பாவிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு செல்லுக்கு வேலை நடக்க வேண்டுமென்றால் அதற்குக் கூலி ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. குளுக்கோஸை உடைத்துத்தான் அது கிடைக்கும். உடைப்பின் முதல் பாதிக்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாகப் பிளக்கும், கைக்கு நிகரமாக 2 ஏ.டி.பி. வரும். இதில் ஆக்சிஜனுக்கு எந்த வேலையும் இல்லை. மிச்சப் பெரிய வரும்படி, செல்லுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்பில். அங்கே ஆக்சிஜன் இருந்தால் மொத்தம் 30, 32 வரை ஏ.டி.பி. கிடைக்கும். பழைய பாடப்புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். பின்னால் வந்த கணக்கீடுகளில் அது குறைந்தது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் பின்பாதி மட்டும்தானே நிற்க வேண்டும், முன்பாதி அதன்பாட்டுக்கு ஓடலாமே என்று தோன்றும். மாணவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓடாது. காரணம் சாக்கு.

குளுக்கோஸை உடைக்கும்போது நடுவில் ஒரு படியில் ஹைட்ரஜனும் எலெக்ட்ரானும் கழன்று வருகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள என்.ஏ.டி. என்ற ஒரு மூலக்கூறு காலியாகக் காத்திருக்க வேண்டும். அதுதான் சாக்கு. நிரம்பிய சாக்குக்கு என்.ஏ.டி.எச். என்று பெயர். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சாக்கு நிரம்பும். செல்லுக்குள் சாக்கு கொஞ்சம்தான், புதுக்கட்டு வராது, அதே சாக்குகளைத்தான் கொட்டிக் கொட்டித் திரும்பப் பயன்படுத்த வேண்டும். சாதாரணக் காலத்தில் மைட்டோகாண்ட்ரியா அந்தச் சுமையை இறக்கி, கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும். ஆக்சிஜன் அதை ஏற்றுத் தண்ணீராகும். லாரி ஆக்சிஜன்தான். அது வராவிட்டால் சுமை இறங்காது, சாக்கு காலியாகாது, முன்பாதியும் படுத்துவிடும். அந்த 2 ஏ.டி.பி.யும் கிடைக்காது.

"அப்ப என்ன பண்ணும்?" என்றார் அப்பா.

கையில் இருப்பதிலேயே கொட்டும். நெல்லின் செல் பைருவிக் அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு அசிட்டால்டிஹைடு ஆக்கும், அதன் தலையில் அந்த ஹைட்ரஜனை ஏற்றும். ஏற்றினால் அது எத்தனால். சாக்கு காலி. அடுத்த குளுக்கோஸை உடைக்கலாம். எத்தனால் மெல்லக் கசிந்து வெளித்தண்ணீரில் போய்விடும்.

"எத்தனால்னா சாராயமா? நெல்லு தண்ணிக்குள்ள சாராயம் காச்சுதா?"

"ஆமாப்பா."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சாராயம் முக்கியமில்ல, சாக்குதான் முக்கியம்னு சொல்ற" என்றார். என் மாணவர்கள் பலருக்கு இரண்டு வகுப்பு எடுத்தாலும் பிடிபடாத இடம் அது. ஆக்சிஜன் இல்லாமல் இப்படிச் சாக்கைக் காலி செய்வதற்குப் பெயர்தான் நொதித்தல். அந்தப் பெயரைக் கேட்டதும் எத்தனால், லாக்டிக் அமிலம் என்று விளைபொருளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கடைசிப் படியில் ஒரு ஏ.டி.பி. கூடக் கிடைப்பதில்லை. அது சாக்கை மீட்கும் படி மட்டுமே.

இந்தச் சாக்கை முதன்முதலில் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1897இல் ஜெர்மனியில் எடுவார்ட் புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாற்றில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமலே சர்க்கரை நொதிப்பதைக் காட்டினார். அதற்குப் பிறகு, லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அந்தச் சாற்றை வடிகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். தனித்தனியாக இரண்டும் நொதிக்கவில்லை, சேர்த்தால் நொதித்தது. வடிந்த பாதியைக் கொதிக்கவைத்துச் சேர்த்தாலும் வேலை செய்தது. அதில் இருந்தது சூட்டுக்கு அழிகிற நொதி (வினையை முடுக்கும் புரதம்) இல்லை, வேறு ஏதோ சின்னப் பொருள். 1906இல் அவர்கள் சொன்ன அந்தப் பொருள்தான் பின்னால் என்.ஏ.டி. என்று தெரியவந்தது. 1929இல் ஹார்டனுக்கும், அதன் வேதியியலைத் துலக்கிய ஹான்ஸ் வான் ஆய்லருக்கும் நோபல் பரிசு. எல்லாம் இருந்தும் சாக்கு இல்லாமல் நிற்கும் களத்தை அவர்கள் கண்ணாடிக் குடுவையில் பார்த்திருக்கிறார்கள்.

இனி மேட்டுக் கணக்கு. சாக்கு சுழன்றாலும் வரும்படி 2தான், 30 இல்லை. அதே உழைப்புக்குப் பதினைந்து மடங்கு சர்க்கரை செலவாகும். கலங்கல் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது, புதுச் சர்க்கரை தயாராகாது. தண்ணீரில் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே தண்டிலும் அடித்தூரிலும் முன்னமே சேர்த்துவைத்ததை வைத்துத்தான் நாளை ஓட்டவேண்டும். பி.பி.டி. அந்தக் கையிருப்பைப் போட்டு நீண்டது. நுனி வெளியே வந்துவிட்டால் நெல்லுக்குள் இருக்கும் காற்றுக்குழாய்கள் வழியாக வேர்வரை ஆக்சிஜன் இறங்கும், அது ஜெயித்துவிடும். ஆழம் குறைவாக, மழை ஒரே தடவையாக இருந்தால் அது சரியான பந்தயம். வங்கதேசம், தாய்லாந்து பக்கத்து ஆழநீர் நெல்கள் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும், மாதக்கணக்கில் வெள்ளத்துக்கு மேலே தலையை வைத்திருக்கும். எங்கள் மேட்டில் இரண்டாவது மழை வந்ததும் பந்தயம் தோற்றது.

சப் 1 நெல் பந்தயத்துக்கே போகவில்லை. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தில் இருந்த குணம் அது. வெள்ளத்தில் அது நீளுவதை நிறுத்திக்கொள்ளும், சர்க்கரைச் செலவை இறுக்கிப் பிடிக்கும், நொதித்தலை மட்டும் ஓட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக அதை ஒட்டுச்சேர்த்த ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியானது. நம் பக்கத்துப் பொன்மணியான சி.ஆர். 1009க்கும் அதே குணம் ஏற்றப்பட்டது. இரண்டு வாரம்வரை முழுசாக மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். எங்கள் தாத்தா காலத்தில் பள்ளத்துக்கு மடுமுழுங்கி போடுவார்களாம், அந்தப் பேரே எல்லாவற்றையும் சொல்கிறது. அப்பா சப் 1ஐப் பள்ளத்தில் போட்டதற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை. விதை கிடைத்தது அதுதான்.

வெளியில் வந்து செத்தது ஏன்? இதுதான் எனக்கும் புதுசாக இருந்தது, தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பல நாள் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த செல்லுக்குள் திடீரென்று ஆக்சிஜன் பாயும்போது, அதைக் கையாளும் ஏற்பாடு சீர்குலைந்து கிடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான, கண்டதையும் கடிக்கிற பொருள்கள் பெருகும். திசுவில் தங்கிய எத்தனால் மறுபடி அசிட்டால்டிஹைடாக மாறும், அது எத்தனாலைவிடக் கொடிய விஷம். அதோடு வெயிலில் இலை நீரை இழக்கும், நைந்த வேர் ஏற்றித்தராது. கையிருப்பு வைத்திருந்த பயிர் இதைச் சமாளித்துப் புது இலை விடும். கையிருப்பைத் தொலைத்த பயிருக்கு அந்த மூன்று நாள்தான். தண்ணீர் வடிந்ததும் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடச் சொன்னார்கள், இரண்டு வயலுக்கும் போட்டோம். மேட்டில் அதை வாங்கிக்கொள்ள உயிருள்ள வேர் இல்லை.

அந்த வருடத்துக்குப் பிறகு என் பிளஸ் ஒன் வகுப்பில் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவதில்லை. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைப்போம். கொதிக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேறிவிடும். மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஒன்றில் நெல், ஒன்றில் ரேஷன் கோதுமை, ஒன்றில் பச்சைப்பயறு போட்டு, மேலே ஒரு விரல்கடை நல்லெண்ணெய். காற்று உள்ளே இறங்காது. ஆறாம் நாள் பச்சைப்பயறு ஊதி, குழகுழத்துப் போயிருக்கும். கோதுமை சும்மா கிடக்கும். நெல்லில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு முளை, நூல் மாதிரி, மேல்நோக்கி. வேர் இருக்காது. ஆக்சிஜன் அற்ற தண்ணீரில் விதைக்குள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் நொதியை நெல் உண்டாக்கிக்கொள்ளும், கோதுமையால் முடியாது. முதலில் காற்றைத் தேடிக் குழாயை மேலே அனுப்பும், அது எட்டிய பிறகுதான் வேர். சேற்றில் ஆழமாக விழுந்த விதையும் இதையே செய்கிறது. விவசாயி வீட்டுப் பிள்ளைகள், "எங்க வயல்ல பாத்திருக்கேன் டீச்சர், முளை மட்டும் மிதக்கும்" என்று அவர்களாகவே சொல்வார்கள். விதை மூட்டம் கட்டிய சாக்கை அவிழ்க்கும்போது அடிக்கும் அந்த வெதுவெதுப்பான புளித்த வாசனையையும் அவர்களே நினைவுபடுத்துவார்கள்.

போன வருடம் எங்கள் பள்ளிக்காக 400 மீட்டர் ஓடிய பெண் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "கடைசி 80 மீட்டர்ல கால் மரமாயிடுது டீச்சர். லாக்டிக் ஆசிட் விஷம், அத வெளியேத்தணும்னு சொல்றாங்க. எப்படி வெளியேத்துறது?" அவளுக்கும் சாக்குக் கதையைத்தான் சொன்னேன். தசைக்கு எத்தனாலாக்கத் தெரியாது, பைருவிக் அமிலத்தின் தலையிலேயே சுமையை ஏற்றி லாக்டேட் ஆக்குகிறது. லாக்டிக் ஆசிட் என்று அவள் சொன்னது இதைத்தான். அந்த வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவும் ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனும் ஈடுகொடுக்க முடியாதபோது அவள் காலை ஓடவைப்பதே அந்தப் படிதான். தசையில் அமிலத்தன்மை ஏறும், பாஸ்பேட் சேரும், கால் கனக்கும். ஆனால் லாக்டேட் கழிவு இல்லை. இதயம் அதை எரித்துச் சக்தியாக்கும். கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கித் தசைக்கே அனுப்பும். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற கணவன் மனைவி கண்ட சுழற்சி அது, அவர்களுக்கு 1947இல் நோபல் கிடைத்தது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் காலையில் வரும் வலி அதனால் வருவதில்லை, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய காயத்தால் வருவது.

"அப்ப எதையும் வெளியேத்த வேணாமா?"

"வேணாம். ஓடி முடிச்சதும் படுத்துடாம கொஞ்சம் மெதுவா நட."

அவளுக்குச் சொல்லும்போது இன்னொன்றும் சொன்னேன், அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நம் உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்துபோகும் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. சுமக்கிற ஆக்சிஜனில் துளியைக்கூட அது தன் ஏ.டி.பி.க்காகச் செலவழிக்க முடியாது. பிறந்து ஏறக்குறைய 120 நாள், அந்த 2 ஏ.டி.பி.யிலேயே வாழ்ந்துவிட்டுப் போகிறது.

களத்துக்குத் திரும்புகிறேன். மறுநாள் விடியற்காலையில் அப்பாவிடமிருந்து போன். லாரி வந்ததா என்று கேட்டேன். லாரி இன்னும் வரவில்லையாம், பக்கத்து ஊரிலிருந்து ஒரு வண்டியில் சாக்குக் கட்டு மட்டும் வந்து இறங்கியிருக்கிறது. எங்கள் முறை பதினொரு மணிக்கு. பள்ளத்து ஐந்து மாவில் மொத்தம் நாற்பத்தொரு மூட்டை கண்டது. மேட்டு நாலு மாவில் உளுந்து தெளித்திருந்தார்.

"கைய வச்சிப் பாரு பாப்பா, ஈரப்பதம் சரியா இருக்கு" என்றார், நான் போய்ச் சேர்ந்ததும்.